தரைக்குள் ஓடும் குளிர்நீர்

வீட்டுத் தரைக்குள் குழாய் பதித்து, அதில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, வீட்டைக் குளுமையாக வைத்துக்கொள்ள முடியுமா? வீடு கட்ட மனை வாங்கி வைத்திருப்பவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஏதோ ஒரு ஐரோப்பிய வீட்டின் வீடியோவைப் பார்த்திருப்பார்கள். சுவரில் ஏசிப் பெட்டி கிடையாது, சத்தம் கிடையாது, முகத்தில் அடிக்கிற காற்றும் கிடையாது. தரை மட்டும் குளிர்ந்து கிடக்கிறது, வீடே இதமாக இருக்கிறது. நம் ஊரில் செய்தால் என்ன?

செய்யலாம். எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில், தரையோடு சேர்த்து வேறு என்னென்ன செய்தால் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குளிர்சாதன வடிவமைப்புதான் எனக்குத் தொழில். இந்த முறையின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே, குழாயை மட்டும் விற்றுவிட்டு மற்றதைச் சொல்லாமல் போகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும். வீடு கட்டப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி, கதிர்வீச்சாகச் சுற்றியுள்ள சுவருக்கும் கூரைக்கும் தரைக்கும் போகிறது. ஆகவே நமக்குப் புழுக்கமா, இதமா என்பதைக் காற்றின் சூடு மட்டும் முடிவு செய்வதில்லை. நம்மைச் சூழ்ந்திருக்கும் பரப்புகளின் சூட்டுக்கும் அதில் சமபங்கு உண்டு. மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மே மாதம் இரவு எட்டு மணிக்கு ஏசியை 22-இல் வைத்தாலும் தலைக்கு மேல் ஒரு தகிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். பகல் முழுக்க வெயில் வாங்கிய காங்கிரீட் கூரையின் அடிப்பக்கம் அந்த நேரத்திலும் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ஏசி காற்றோடு போராடிக்கொண்டிருக்கும்போது, கூரை நேராக உங்கள் உடம்பைச் சூடாக்குகிறது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள பரப்புகளில் பெரியதாக ஒன்றைக் குளிர்ச்சியாக வைத்துவிட்டால், காற்று 27 டிகிரியில் இருந்தாலும் உடம்பு சுகமாக உணரும். மின்விசிறி மெல்லச் சுழன்றால் இன்னும் நல்லது.

அடுத்த லாபம் தண்ணீரால் வருவது. ஒரே கனஅளவை எடுத்துக்கொண்டால், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,400 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆள் நுழையும் அகலத்துக்கு டக்ட் போட்டுக் காற்றைத் தள்ளிச் செய்கிற வேலையை, விரல் தடிமன் குழாயும் சின்ன பம்பும் செய்துவிடும். அதோடு, பெரிய கட்டிடங்களின் வழக்கமான ஏசிக்கு 7 டிகிரியில் தண்ணீர் வேண்டும். குழாய் பதித்த தளத்துக்கு 16, 18 டிகிரி போதும். தண்ணீரை அவ்வளவு தூரம் குளிர்விக்க வேண்டாம் என்றால் சில்லர் தின்னும் மின்சாரம் குறையும். டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டிய இடம் பாங்காக். சுவர்ணபூமி விமான நிலையம் 2006 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் ஹெல்முட் யான். அதன் வெப்பக் கணக்கைப் போட்டது ஜெர்மனியின் டிரான்ஸ்சோலார் நிறுவனம். கண்ணாடியும் துணிக்கூரையுமாக நீண்டு கிடக்கும் கட்டிடம் அது. நடக்கிற தரைக்குள் குழாய்கள். தண்ணீர் 13 டிகிரியில் உள்ளே போய் 19-இல் திரும்புகிறது. உள்ளே விழுகிற வெயில் காற்றைச் சூடாக்குவதற்கு முன் தரையே அதை வாங்கிக்கொண்டு தண்ணீரிடம் கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த காற்றைத் தரையை ஒட்டி மெதுவாக விடுகிறார்கள். மனிதர்கள் நடமாடும் உயரம் மட்டும் குளிரும். அதற்கு மேலே உள்ள பெரிய வெளியை அப்படியே சூடாக விட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். வெறும் காற்றைக் குளிர்விப்பதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

பாங்காக்கின் ஈரம் சென்னையின் ஈரத்துக்குச் சளைத்ததில்லை. அங்கே தரை வியர்க்காமல் இருப்பதற்குக் காரணம், கட்டிடம் மூடிய கட்டிடம் என்பதும், உள்ளே வரும் காற்று ஈரம் பிழியப்பட்டே வருகிறது என்பதும். படங்களில் தரைதான் தெரியும். காற்றைக் காய வைக்கும் இயந்திரங்கள் தெரியாது.

நம் நாட்டில் நல்ல சாட்சி ஹைதராபாத். இன்ஃபோசிஸின் போச்சாரம் வளாகத்தில் ஒரு கட்டிடத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, நன்றாக வடிவமைத்த வழக்கமான ஏசி. மறு பாதிக்குக் காங்கிரீட் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய். ஒரே வெயில், ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி ஆட்கள். 2011 முதல் அளந்து பார்த்ததில், குழாய் பதித்த பாதி 34 சதவீதம் குறைந்த மின்சாரத்தில் குளிர்ந்தது. போட்ட முதலும் ஏறக்குறையச் சமம் என்று அவர்களே பதிவு செய்தார்கள். அருகருகே வைத்து அளந்த இப்படிப்பட்ட ஒப்பீடு உலகத்திலேயே அபூர்வம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அங்கே முதலில் ஜன்னல் அளவையும் வெயில் மறைப்பையும் சரிசெய்து, உள்ளே வரும் சூட்டைக் குறைத்துக்கொண்டு, பிறகுதான் குழாய்க்கு வந்தார்கள். அப்புறம், அந்தக் கட்டிடத்தில் குளிர் இறங்குவது மேலிருந்து, கூரைத் தளத்திலிருந்து.

மெக்காவின் பெரிய மசூதியில் உச்சி வெயிலிலும் தரை சுடுவதில்லையே, கீழே குழாய் ஓடுகிறதல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே வேலை செய்வது கிரீஸின் தாசோஸ் தீவிலிருந்து வருகிற வெள்ளைப் பளிங்கு. வெயிலைத் திருப்பி அனுப்புவதில் அதற்கு ஈடு குறைவு. அது வேறு கதை.

வீட்டுக்கு வருவோம். 12 அடிக்கு 14 அடியில் ஒரு படுக்கையறை. 168 சதுர அடி, அதாவது 15.6 சதுர மீட்டர். தரையை 23 டிகிரியில் வைக்கிறோம், அறை 27-இல் இருக்கிறது. குளிர்ந்த தரை ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 7 வாட் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நாலு டிகிரிக்கு 28 வாட். அறை முழுக்கச் சேர்த்தால் 437 வாட். ஒரு டன் ஏசி என்பது 3,517 வாட். ஆக, உங்கள் தரை ஒரு டன் ஏசியில் எட்டில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்யும். கட்டிலும் பீரோவும் மறைத்தது போக இன்னும் குறையும்.

இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனம். தரையோடு படுத்துக்கொள்ளும், மேலே எழும்பாது. அதே தரையைச் சூடாக்கினால் சூடான காற்று தானாக மேலே ஏறும். அப்போது டிகிரிக்கு 11 வாட் வரை கிடைக்கும். கொரியாவில் ஓண்டோல் என்று நூற்றாண்டுகளாகத் தரையைச் சூடாக்கி வாழ்ந்திருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே அடுக்ககங்களில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவது சாதாரணம். குளிர்விப்பதற்குக் கூரைதான் பலமான இடம்; அங்கேதான் அந்த 11 வாட் கிடைக்கும். அப்படியும் தரையில்தான் செய்வேன் என்றால், அறைக்குள் வரும் சூட்டை முதலில் பாதியாக்க வேண்டும். மேற்குச் சுவருக்கு நிழல், ஜன்னலுக்கு வெளிப்பக்கத்தில் மறைப்பு, மொட்டை மாடியில் வெப்பத்தடுப்பு. இவை இல்லாமல் ஒன்றரை டன் ஏசி கேட்கிற அறையைத் தரை ஒருநாளும் சமாளிக்காது.

அப்படியானால் தரையை இன்னும் குளிரச் செய்யலாமே, 19 டிகிரிக்குக் கொண்டுபோனால் என்ன? சர்வதேச விதிகளும் 19 முதல் 29 வரை அனுமதிக்கின்றன. ஆனால் அந்த எண்கள் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பவர்களுக்கானவை. நாம் வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஜனங்கள். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், குழந்தை தவழ்கிறது, பாய் விரித்துப் படுக்கிறோம். வெறுங்காலுக்குத் தனிப் பரிந்துரை இருக்கிறது, அது தரையின் பொருளைப் பொறுத்து மாறும். மரத்தரையென்றால் 23 டிகிரியை ஒட்டியும் சுகமாக இருக்கும். காங்கிரீட் போன்ற தரைக்கு 26-ஐத் தாண்ட வேண்டும் என்கிறது அது. காரணம், ஓடும் கல்லும் காலிலிருந்து வெப்பத்தை விறுவிறுவென்று உறிஞ்சும். அந்த உறிஞ்சலுக்காகத்தான் செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடித் தரையை மதிய வெயிலில் நாம் தேடிப் போகிறோம். ஆனால் ஐந்து நிமிஷம் நடப்பது வேறு, ராத்திரி முழுக்க அதன்மேல் படுத்துக் கிடப்பது வேறு.

கோவையில் ஒரு நண்பர் வீட்டுக்கு இப்போது இந்த முறையை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன். வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

“ஏஞ்சாமி, நா கீழதான பாயப் போட்டுப் படுப்பேன். சில்லுனு இருந்தா இடுப்பு புடிச்சுக்காதா?”

“உங்க ரூமுக்குத் தனி வால்வு வெச்சிரலாங்மா. அங்க மட்டும் தண்ணி கம்மியா ஓடும்.”

“அப்பச் சரி. இல்லாட்டிப் போனா நா திண்ணைக்குப் போயிருவேன்.”

எந்தக் கையேட்டிலும் இதைவிடச் சரியாக இந்தப் பிரச்சினையைக் கேட்டவர் இல்லை. அந்த அறைக்கு 26 டிகிரி என்று குறித்துக்கொண்டேன். கூடத்துக்கு 24. அதற்குக் கீழே எந்த அறையும் இல்லை.

இனி ஈரம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு நிமிஷத்தில் நனைந்துவிடுகிறதே, காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் படியும் என்பதைப் பனிநிலை என்கிறோம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிநிலை 25 டிகிரி. சென்னையில் இது அபூர்வமான நாள் இல்லை. வருடத்தில் பல மாதங்களுக்கு இதுதான் இரவுக் காற்று. அந்தக் காற்று உங்கள் 23 டிகிரித் தரையைத் தொட்டால் தரை நனையும். பளபளப்பான ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியிலும் பீரோவின் காலடியிலும் பூஞ்சை பிடிக்கும். பிளைவுட் ஊதும்.

தப்பிக்க ஒரே வழி, வீட்டுக்குள் இருக்கும் காற்றைக் காய வைப்பது. உள்ளே 27 டிகிரி, 55 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் பனிநிலை 17-க்கு இறங்கிவிடும். அப்போது 23 டிகிரித் தரை நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அந்த 55 சதவீதத்தைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. முன்பு சொன்ன அதே படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை அறைக் காற்று முழுதும் மாறுகிறது என்றால், சென்னைக் காற்று மணிக்கு அரை லிட்டர் அளவு தண்ணீரை அந்த ஓர் அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 50 கிராம் வரை சேர்ப்பார். குக்கர் விசில், ஈரத்துணியால் வீடு துடைப்பது, மழை நாளில் கூடத்தில் கொடி கட்டித் துணி காயப்போடுவது என்று எல்லாமே கணக்கில் வரும். குளிர்நீர்த் தரை ஓடுகிற வீட்டில் துணியை வீட்டுக்குள் காயப்போடக் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கோடையில் பிற்பகல் கடற்காற்று திரும்பியதும் ஜன்னல்களைத் திறந்து விடுவது நம் பழக்கம். வெப்பமானியில் சூடு இறங்கும், உடம்புக்கும் சுகம். ஆனால் அந்தக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. வெப்பம் குறைகிற அதே நேரத்தில் பனிநிலை ஏறுகிறது. தரை குளிர்ந்திருக்கிற வீட்டில் ஜன்னலைத் திறக்கக் கூடாத நேரம் எது என்றால், சரியாக அந்த நேரம்தான். கடற்காற்றுக்குக் கதவடைத்துக்கொண்டு வாழச் சம்மதமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். எனக்குச் சம்மதம் இல்லை. திறந்து வைத்து வாழக்கூடிய வீட்டைத் திறந்து வைத்துத்தான் வாழ வேண்டும் என்பது என் கட்சி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். குழாய் வேலை நேர்த்தியாகச் செய்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரத்தை எடுக்க எந்த இயந்திரமும் வைக்கவில்லை. முதல் மழையில் கூடம் முழுக்க வழுக்கல். புகார் சொன்னதும், போட்டுக்கொடுத்த நிறுவனத்தார் வந்து தண்ணீரின் வெப்பநிலையை 26-க்கு ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தரை வியர்ப்பது நின்றது. குளிர்வதும் நின்றது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், படித்தவர், இரண்டு வருடம் யோசித்து முடிவெடுத்தவர். அவரிடம் ஒரே ஒரு முறை யாராவது பனிநிலை என்ற விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்.

ஈரத்தை எடுக்க என்ன வைப்பது? பெரும்பாலான வீடுகளுக்கு, ஒரு டன் அளவில் சின்னதாக ஒரு ஏசியையே ஈரம் பிழிவதற்காக ஓடவிடலாம். தனியாக ஈரநீக்கி இயந்திரமும் கிடைக்கிறது. அது எடுக்கிற ஈரத்தின் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும், ஏசியே இல்லாத வீடு என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். சின்ன ஏசி உள்ள வீடு என்பதுதான் நேர்மையான விவரிப்பு.

ஐரோப்பிய வீடியோக்களில் வருகிற இன்னொரு ஆசைகாட்டலும் இங்கே செல்லாது. அங்கே பூமிக்குள் சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை 10, 12 டிகிரி. குழாயை மண்ணுக்குள் இறக்கி, அந்தத் தண்ணீரையே கோடையில் தரைக்கு அனுப்பினால் சில்லரே வேண்டாம். பம்ப் ஓடும் செலவு மட்டும்தான். மண்ணின் ஆழத்து வெப்பநிலை அந்த ஊரின் வருடாந்தரச் சராசரி வெப்பநிலையை ஒட்டியிருக்கும். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. மார்கழிக் காலையில் போர்வெல் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாக விழுவதைப் பார்த்திருப்பீர்களே. அதைக் கொண்டு தரையை 23-க்குக் குளிர்விக்க முடியாது.

ஆனால் 29 டிகிரியில் இருக்கும் தண்ணீருக்கும் வேறு ஒரு நல்ல வேலை இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு என் முதல் பரிந்துரையும் அதுதான். மே மாதத்தில் கூரைத் தளம் 40 டிகிரியில் கொதிக்கிறது என்று சொன்னேன். அந்தத் தளத்துக்குள் குழாய் பதித்து, சின்னக் குளிர்கோபுரம் ஒன்றில் ஆவியாக்கிக் குளிர்வித்த 29, 30 டிகிரித் தண்ணீரை ஓடவிட்டால் கூரை 31, 32-க்கு இறங்கும். தலைக்கு மேலிருந்த தகிப்பு போய்விடும். சில்லர் வேண்டாம். தண்ணீர் பனிநிலைக்கு மேலேயே இருப்பதால் கூரை வியர்க்கும் பயமும் இல்லை. ஜன்னலைத் தாராளமாகத் திறந்து கடற்காற்று வாங்கலாம். படுக்கையறையில் ஏசி இருந்தாலும் அதன் பாடு பாதியாகும். தண்ணீர்ச் செலவு உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியேற்ற ஒன்றரை லிட்டர் ஆவியாகும். ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு ஒரு கோடை நாளில் நாற்பது ஐம்பது லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். அதற்கும் முன்னால், மொட்டை மாடியில் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிப்பது, வெள்ளை ஓடு ஒட்டுவது, வெப்பத்தடுப்புப் பலகை வைப்பது என்று பம்பே இல்லாமல் கிடைக்கிற லாபங்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவை செய்தபின் பல வீடுகளுக்குக் குழாயே தேவைப்படாது. அப்படியானால் எனக்கு மகிழ்ச்சிதான். கூரையில் குழாய் பதிப்பதாக இருந்தால் கம்பி கட்டும்போதே செய்ய வேண்டும், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்தில்லாமல் செய்யக் கூடாது. கட்டி முடித்த வீட்டில் இதற்கு வழியில்லை.

பிறகு கோவை வீட்டுக்கு மட்டும் ஏன் தரை? கோவையின் கோடை வேறு மாதிரி. மார்ச் மாதப் பகலில் 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் பனிநிலை 16-ஐ ஒட்டித்தான் வரும். அந்தக் காற்று 24 டிகிரித் தரையை ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில் நிலைமை மாறும், அதற்குச் சின்ன ஏசி இருக்கிறது. வீடு தரைத்தளத்தோடு சேர்த்து இரண்டு தளம், கீழே கூரைச் சூடு இல்லை, மேற்கே தென்னந்தோப்பு. பெரியவர்கள் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள். எல்லாம் கூடிவந்த வீடு என்பதால்தான் ஒத்துக்கொண்டேன்.

அங்கே கலவை போட்ட நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையில் முதலில் கெட்டியான தெர்மாகோல் பலகை. அதற்கு மேல் கம்பிவலை. அதில் 16 மில்லிமீட்டர் பெக்ஸ் குழாய், 15 சென்டிமீட்டர் இடைவெளியில், நடுவில் ஒரு இணைப்பும் இல்லாமல், ஒரே நீளமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பம்புக்குப் பாரம், கடைசி மூலை குளிராது. சுவரோரம் முழுக்க நுரைப்பட்டை. எல்லாச் சுற்றும் வந்து சேரும் மேனிஃபோல்டில் அழுத்தமானி ஒன்று. குழாயில் 6 பார் அழுத்தம் ஏற்றி, அப்படியே விட்டுத்தான் கலவை கொட்ட வேண்டும். மேஸ்திரி ரொம்ப நேரம் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங் சார், கொட்டறப்ப மம்முட்டி பட்டு ஓட்டை விழுந்துச்சுன்னா எப்டிங் தெரியும்?”

“அந்த மீட்டரப் பாத்துக்கிட்டே கொட்டுங்கண்ணா. முள்ளு எறங்குச்சுன்னா உடனே நிறுத்திருங்க.”

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு மேனிஃபோல்டுக்கு எதிரில் உட்கார வைத்தார். முள் அசைந்தால் கத்த வேண்டும், வேறு வேலை கிடையாது. தள்ளுவண்டியை உள்ளே விடவில்லை. குழாய்மேல் பிளைவுட் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் மட்டும் ஆட்களை நடக்கவிட்டு, கலவையைச் சட்டியில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்க் கொட்டினார். சாயங்காலம் வரை முள் அசையவில்லை. வரைபடத்தில் நான் எழுதாத பாதுகாப்பை அவர் தன் அனுபவத்தில் சேர்த்தார். நல்ல மேஸ்திரி அமையாத இடத்தில் இந்த வேலையை எடுக்கவே கூடாது.

கலவைக்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் தரையில் அளவு நாடா விரித்துப் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். குழாய் எங்கே ஓடுகிறது என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. கதவுக்கு ஸ்டாப்பர் போட வருபவர் துளைபோடுவார். அதைவிடப் பயம் கரையான் மருந்துக்காரர்களிடம். கட்டிய வீட்டில் மருந்து அடிக்க வருபவர்கள் சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளைபோட்டுத்தான் மருந்தை இறக்குவார்கள். ஒரே பிற்பகலில் மொத்த வீட்டையும் முடித்துவிடலாம். ஆகவே கரையான் மருந்தைக் கட்டும்போதே அடித்துவிட வேண்டும். சுவரோரத்தில் ஒரு சாண் அகலம் குழாயே போடாமல் விட்டிருக்கிறோம். சமையலறைக்கும் குளியலறைக்கும் குழாய் கிடையாது. எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் குளிர்ந்த தரை எதற்கு? மேலே ஆத்தங்குடி ஓடு. மர ஒட்டுத்தரை வேண்டும் என்று நண்பரின் மனைவிக்கு ஆசை இருந்தது. மரம் குளிரை மேலே வரவிடாது என்பதால் அவர் விட்டுக்கொடுத்தார்.

ஒரு விஷயத்தை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை மெதுவானது. கலவைத் தளம் குளிர மணிக்கணக்காகும், சூடேறவும் மணிக்கணக்காகும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய், இரவு பத்து மணிக்குப் படுக்கையறையில் மட்டும் எட்டு மணி நேரம் குளிர் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இது ஏற்றதில்லை. அவர்களுக்கு நல்ல ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி ஒன்று போதும், காசும் மிச்சம். நாள் முழுக்க ஆள் இருக்கிற வீடு, கூரையில் சூரிய மின்தகடு இருக்கிற வீடு என்றால் கதை வேறு. பகல் மின்சாரத்தைப் பாட்டரிக்குப் பதிலாகத் தளத்தில் குளிராகச் சேர்த்து வைத்து இரவில் செலவழிக்கலாம். அந்த வீடுகளுக்கு நான் மனதாரச் சிபாரிசு செய்வேன்.

யாராவது உங்களிடம் வந்து தரைக்குளிர்ச்சி போட்டுத் தருகிறேன் என்றால் சதுர அடிக்கு எவ்வளவு என்று முதலில் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் வருடத்திலேயே ஈரம் கூடிய நாளில் பனிநிலை எவ்வளவு, அன்றைக்கு வீட்டுக்குள் அதை எவ்வளவில் வைத்திருப்பீர்கள், அதைச் செய்கிற இயந்திரம் எது, அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தரை வியர்க்கும் நிலை வந்தால் சென்சார் பம்பை நிறுத்திவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொல்வார்கள். சரி, பம்ப் நின்றுபோன அந்தப் புழுக்கமான ராத்திரியில் பிள்ளைகள் எந்த அறையில் தூங்குவார்கள் என்று அடுத்ததாகக் கேளுங்கள்.